பழ ஐஸ் ஏன் பாறையாகிறது? வீட்டுச் செய்முறையும் விளக்கக் கட்டுரையும்

ஐஸ்கிரீம் மலேசியா தெரியாத மாணவர் நம் நாட்டில் இருக்க முடியாது. விரல் தடிமனில் நீளமான நெகிழிப் பை, அதற்குள் சிரப்பு அல்லது பழச்சாறு, மேலே ஒரு முடிச்சு. நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்ச வேண்டியதுதான். பெயரில்தான் ஐஸ்கிரீம்; பெரும்பாலும் அதில் பாலேடும் இல்லை, கடைவதும் இல்லை. கம்பத்தில், தாமானில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் வீட்டில் என்று எங்கேயாவது ஓர் அக்கா இதைச் செய்து விற்றுக்கொண்டுதான் இருப்பார்.

ஆனால் இதையே வகுப்பில், "வீட்டிலேயே பழ ஐஸ் செய்யும் முறையை விளக்கி எழுதுக" என்று கொடுத்துப் பாருங்கள். வீட்டில் நாலு முறை செய்த பிள்ளைகூட எட்டு வரியில் முடித்துவிடும். "முதலில் பழத்தை கட் பண்ண வேண்டும். பிறகு பிளெண்ட் பண்ண வேண்டும். பிறகு சீனி போட்டு மிக்ஸ் பண்ண வேண்டும். பிறகு ஃபிரீசரில் வைக்க வேண்டும்." அவ்வளவுதான். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று நம்மையே கேட்கும். சொல் பஞ்சம் ஒரு காரணம், அதைப் பின்னால் பார்ப்போம். பெரிய காரணம் வேறு: ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொன்னதில்லை. காரணம் தெரியாதவர் செய்முறையை வரிசைப்படுத்தலாம், விளக்க முடியாது. ஆகவே முதலில் சமையலறைக்குப் போவோம், பிறகு விடைத்தாளுக்கு வருவோம்.

உறிஞ்சினால் வெள்ளையாகும் ஐஸ்

பையை உறிஞ்சிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் நிறமும் சுவையும் போய், வெறும் வெள்ளைப் பனிக்கட்டி மட்டும் கையில் நிற்கும். எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். "டீச்சர், ஸ்வீட் எல்லாம் போச்சு" என்பார்கள். இந்த ஒரு காட்சிக்குள் பழ ஐஸின் மொத்த அறிவியலும் அடங்கியிருக்கிறது.

தூய தண்ணீர் 0 பாகை செல்சியஸில் உறையும். உறையும்போது தண்ணீர்த் துகள்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன. அந்த அடுக்கில் சீனிக்கு இடமில்லை. எனவே படிகம் வளர வளர, சீனியும் நிறமும் மணமும் வெளியே தள்ளப்படுகின்றன. தள்ளப்பட்டவை எங்கே போகும்? இன்னும் உறையாமல் இருக்கும் மிச்சத் தண்ணீருக்குள்தான். அந்த மிச்சம் கெட்டியான பாகாகிப் படிகங்களுக்கு இடையில் தேங்குகிறது. நாம் உறிஞ்சும்போது வாய்க்கு வருவது அந்தப் பாகு. கையில் மிஞ்சும் வெள்ளைக்கட்டிதான் கிட்டத்தட்டத் தூய பனிக்கட்டி.

இப்போது ஒரு கணக்கு. 100 கிராம் தண்ணீரில் 20 கிராம் சீனியைக் கரைத்தால் அதன் உறைநிலை ஏறத்தாழ 1 பாகைதான் இறங்கும். வீட்டு உறைவிப்பான், அதாவது நாம் ஃபிரீசர் என்று சொல்வது, பொதுவாகச் சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் இயங்குகிறது. அப்படியிருக்க இந்த 1 பாகையால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். தண்ணீரில் பாதி உறைந்தவுடன் அதே 20 கிராம் சீனி, மிச்சமுள்ள 50 கிராம் தண்ணீருக்குள் நெருங்கிவிடுகிறது. உறைநிலை 2 பாகைக்கு மேல் இறங்குகிறது. முக்கால் பங்கு உறைந்ததும் மிச்சம் 25 கிராம் தண்ணீர்தான். அப்போது உறைநிலை சுழியத்துக்குக் கீழ் 4 பாகையையும் தாண்டிவிடும். இப்படி உறைய உறைய மிச்சம் மேலும் கெட்டியாகி, உறைவதற்கு மேலும் அடம்பிடிக்கிறது. அதனால் 18 பாகைக் குளிரிலும் படிகங்களுக்கு இடையே கொஞ்சம் பாகு உறையாமலே இருக்கும். பல் இறங்குவது அந்த இடைவெளியில்தான்.

சீனியே போடாமல் தர்பூசணிச் சாற்றை உறைய வைத்தால் பாறையாகிவிடுவதன் காரணமும் இதுதான். சாற்றில் இருக்கும் சொற்ப இனிப்பு போதுமான பாகைத் தருவதில்லை. சீனி இனிப்புக்காக மட்டும் போடுவதில்லை. கடிக்க முடியவேண்டும் என்பதற்காகவும் போடுகிறோம். இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டுரையில் காரணத்தோடு எழுதும் மாணவர், மற்றவரிடமிருந்து தனித்துத் தெரிவார்.

எவ்வளவு சீனி?

வீட்டில் பெற்றோருக்குச் சீனியைக் குறைக்க வேண்டும் என்ற கவலை இருக்கும். நியாயமான கவலை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கரண்டி கரண்டியாகப் போட வேண்டாம். பழத்தில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துப் போடுவோம். 100 கிராம் பழுத்த மாம்பழத்தில் ஏறத்தாழ 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. வாழைப்பழத்தில் 12, அன்னாசியில் 10, தர்பூசணியில் 6. (சீனி என்றால் நாம் கடையில் வாங்குவது, சர்க்கரை என்று இங்கே சொல்வது பழத்தின் இயல்பான இனிப்பையும் சேர்த்து. அறிவியல் பாடத்தில் இந்த வேறுபாடு முக்கியம்.)

மொத்தக் கலவையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சர்க்கரை இருந்தால் பல்லுக்கு இதமாக இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், மாம்பழத்துக்கு: 500 கிராம் சதை, 250 மில்லிலிட்டர் தண்ணீர், 60 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. தர்பூசணிக்கு: விதை நீக்கிய சதை 500 கிராம், சீனி 60 கிராம், லிமாவ் கஸ்தூரி இரண்டு மூன்று பிழிந்தது. தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம், தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அன்னாசிக்கு: 500 கிராம் சதை, 150 மில்லிலிட்டர் தண்ணீர், 70 கிராம் சீனி.

சீனியைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் தர்பூசணியோடு பாதி மாம்பழமோ பழுத்த வாழைப்பழமோ சேர்த்து அரையுங்கள். இனிப்பும் கூடும், சதையில் உள்ள நாரும் பெக்டினும் கலவையைக் கெட்டியாக்கிப் படிகங்கள் பெரிதாக வளரவிடாமல் தடுக்கும். செயற்கை இனிப்புச் சொட்டு விட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நாக்குக்குப் போதும், பல்லுக்குப் போதாது. உறைநிலை எவ்வளவு இறங்கும் என்பது கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டு சொட்டில் துகள்கள் மிகக் குறைவு. இனிப்பான பாறைதான் கிடைக்கும்.

இன்னொன்று: ஊற்றுவதற்கு முன் ருசி பார்க்கும்போது கலவை கொஞ்சம் தித்திப்பு மிஞ்சினாற்போல் இருக்க வேண்டும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். அறை வெப்பத்தில் சரியாக இருந்த சாறு, உறைந்த பிறகு சப்பென்று இருப்பது அதனால்தான். புளிப்பும் உப்பும் சுவையைத் தூக்கிக் கொடுக்கும். அசாம்போய் போட்ட ஐஸுக்கு நம் பிள்ளைகள் மயங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஒரு பைக்கு ஓர் அசாம்போய் தாராளம்.

ஊற்றுவது, உறைய வைப்பது

தண்ணீரைக் கொதிக்க வைத்து, சீனியை அதில் கரைத்து, முழுதாக ஆறவிட்ட பிறகே பழத்தோடு சேர்க்க வேண்டும். இதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுவார்கள். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. குளிர் கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்தும், பெரும்பாலானவற்றைக் கொல்லாது. ஐஸ் உருகினால் அவை மறுபடி வேலையைத் தொடங்கும். பழத்தை நறுக்குவதற்கு முன்பே, தோலோடு, நன்றாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தோலில் உள்ள அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோய்விடும். பையின் வெளிப்புறத்தையும் கழுவித் துடைக்க வேண்டும். வாயில் வைத்துக் கடிக்கப் போவது அதைத்தானே? பள்ளியில் விற்பனை நாளுக்குச் செய்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

அரைத்த கலவையைப் புனல் வைத்துப் பையில் ஊற்றும்போது மேலே மூன்று விரல் அளவு இடம் விடுங்கள். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு கூடும். விளிம்புவரை நிரப்பினால் முடிச்சு அவிழும், அல்லது பை கிழியும். காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு முடிச்சுப் போடுங்கள்.

பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல், தட்டில் ஒரே வரிசையாகப் படுக்க வையுங்கள். குவித்தால் நடுவில் உள்ளவை மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் படிகங்கள் பெரிதாக வளர்ந்து நறநறவென்று இருக்கும். விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறிதாக, மென்மையாக அமையும். ஐஸ்கிரீம் மலேசியாவின் ஒல்லியான பை தற்செயலாக அமைந்த நல்ல வடிவம். தடித்த கிண்ணத்தைவிட அது வேகமாகக் குளிரும். பெரும்பாலும் ஆறு மணி நேரம் போதும்; இரவு முழுதும் விட்டால் கவலையே இல்லை. இடையில் உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். கிருமிக் கவலை ஒரு பக்கம், படிகங்கள் பருத்துப்போவது மறுபக்கம்.

வாழைப்பழமும் அன்னாசியும்

வாழைப்பழத்துக்குச் சீனியும் வேண்டாம், பையும் வேண்டாம். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து எடுங்கள். காயில் இருந்த மாவுச்சத்து பழுக்கும்போது சர்க்கரையாக மாறிவிடும், அதனால் புள்ளி விழுந்த பழமே இனிக்கும். வில்லைகளாக அரிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, நாலைந்து மணி நேரம் உறைய வையுங்கள். பிறகு பிளெண்டரில் போட்டு அரைத்தால் முதலில் மணல் மாதிரி உதிரும். "கெட்டுப்போச்சு" என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினால் திடீரென்று குழைந்து, பாலேடு சேர்த்த ஐஸ்கிரீம்போல ஆகிவிடும். பாலே இல்லாத ஐஸ்கிரீம் இது.

அன்னாசி வேறு ரகம். ஜொகூரில் நிறைய விளைகிறது, மலிவு, மணம். ஆனால் பச்சை அன்னாசியைப் பாலோடு கலந்து கொஞ்ச நேரம் வைத்தால் கசக்கத் தொடங்கும். அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதியம் உண்டு. அது புரதத்தைச் சிதைக்கும், பால் புரதத்தையும் விடாது. நிறைய அன்னாசி தின்றால் நாக்கு எரிவதற்கும் அதற்கே பங்கு உண்டு. சாற்றைச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டால் நொதியம் செயலிழந்துவிடும். ஆறிய பிறகு பால் சேர்க்கலாம். பால் இல்லாத வெறும் அன்னாசி ஐஸுக்கு இந்த வேலை தேவையில்லை.

உறைவிப்பான் இல்லாத வகுப்பில்

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஒரு சிறிய பூட்டுப் பையில் 150 மில்லிலிட்டர் சாற்றை ஊற்றி இறுக மூடுங்கள். பெரிய பையில் ஒரு கிலோ ஐஸ் கட்டியும் 250 கிராம் கல்லுப்பும் போட்டு, சிறிய பையை உள்ளே வைத்து, துண்டால் சுற்றிக் குலுக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சாறு கூழாக உறையும். சீனி செய்யும் அதே வேலையை இங்கே உப்பு செய்கிறது: உப்புக் கரைசலின் உறைநிலை தாழ்ந்திருப்பதால் ஐஸ் உருகுகிறது, உருகுவதற்குத் தேவையான வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து, அதாவது சாற்றிலிருந்து, இழுத்துக்கொள்கிறது. உப்பும் ஐஸும் சரியான அளவில் சேர்ந்தால் சுழியத்துக்குக் கீழ் 21 பாகைவரை இறங்க முடியும். துண்டு கட்டாயம், வெறுங்கையால் பிடித்தால் தோல் புண்ணாகும். உள்பையின் பூட்டு கொஞ்சம் திறந்திருந்தாலும் சாறு கடல் தண்ணீர்தான், இரண்டு பையாகப் போடுவது நல்லது.

இனி விடைத்தாள்

சொற்களில் தொடங்குவோம். "கட் பண்ணி" என்ற ஒன்றுக்குத் தமிழில் எத்தனை வினை இருக்கிறது! மாம்பழத்தைத் தோல் சீவுகிறோம். வாழைப்பழத்தை உரிக்கிறோம். தர்பூசணியைக் கீறிப் பிளக்கிறோம். அன்னாசியின் கண்களை அகழ்ந்தெடுக்கிறோம். வில்லையாக என்றால் அரிகிறோம், துண்டாக என்றால் நறுக்குகிறோம். எலுமிச்சையைப் பிழிகிறோம். கொய்யாவை அரைத்து, விதை போக வடிகட்டுகிறோம். வீட்டில் பாட்டி சொல்லும் சொற்கள்தாம் இவை. அகராதியைத் தேட வேண்டியதில்லை. பழத்துக்கு ஏற்ற வினையை எழுதினாலே கட்டுரைக்குப் பாதி உயிர் வந்துவிடும்.

அடுத்து, தன்வினையும் பிறவினையும். இலக்கணப் பயிற்சியில் சரியாகச் செய்யும் மாணவர்கூடக் கட்டுரையில் "சீனியைக் கரைந்தேன்" என்று எழுதிவிடுகிறார். சீனி கரைந்தது, நான் கரைத்தேன். பழம் மசிந்தது, நான் மசித்தேன். பை நிரம்பியது, நான் நிரப்பினேன். ஐஸ் உருகியது, வெயில் அதை உருக்கியது. சாறு உறைந்தது, நான் உறைய வைத்தேன். உறைவிப்பான் என்ற சொல்லே பிறவினையிலிருந்து பிறந்ததுதான்: உறைவிப்பது உறைவிப்பான்.

ரகர றகரத்தில் வழுக்காத மாணவர் குறைவு, இந்தத் தலைப்பிலோ அதற்கு வாய்ப்பு அதிகம். தண்ணீர் உறையும், கருத்தை உரைப்போம். பழத்தை அரைப்போம், அதை வைத்திருப்பது சமையலறை. சீனி கரையும், மாம்பழச் சாறு சட்டையில் பட்டால் கறையாகும். தோலை உரிப்போம், ஐஸை உறிஞ்சுவோம். பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும்.

வினைமுற்றில் ஓர் ஒழுங்கு வேண்டும். "ஊற்றவும்" என்று தொடங்கி, "வைத்தேன்" என்று போய், "கடிக்கலாம்" என்று முடிப்பது படிப்பவரைக் குழப்பும். விளக்கக் கட்டுரைக்கு "வேண்டும்" என்ற முடிவு பொருந்தும். இடையிடையே காரணம் சொல்லும் வாக்கியங்கள் வருவதால் சலிப்பும் தட்டாது. பின்வரும் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

மாணவர் வழக்கமாக எழுதுவது: "பிறகு சாற்றைப் பையில் ஊற்ற வேண்டும். பிறகு பையைக் கட்ட வேண்டும். பிறகு ஃபிரீசரில் வைக்க வேண்டும்."

காரணம் சேர்ந்தால்: "வடிகட்டிய சாற்றைப் பையில் ஊற்றும்போது வாய்ப்பகுதியில் மூன்று விரல் அளவு இடம் விட வேண்டும். தண்ணீர் உறையும்போது விரிவடையும் என்பதால், விளிம்புவரை நிரப்பப்பட்ட பை கிழிந்துவிடக்கூடும். கட்டிய பைகளை உறைவிப்பானில் ஒரே வரிசையாகக் கிடத்த வேண்டும். அவ்வாறு செய்யாமல் குவித்து வைத்தால், நடுவில் உள்ள பைகள் மெதுவாக உறைந்து, பெரிய படிகங்களாகிக் கரகரப்பாகிவிடும்."

இரண்டாவதில் "பிறகு" ஒரு முறைகூட வரவில்லை. "என்பதால்", "அவ்வாறு செய்யாமல்", "ஊற்றும்போது" ஆகியவை அந்த வேலையைச் செய்துவிட்டன. நீளம் கூடியதும் சொல்லை இழுத்ததால் அல்ல, சொல்வதற்குச் செய்தி இருந்ததால். வலிமிகும் இடங்களையும் கவனியுங்கள்: சாற்றைப் பையில், படிகங்களாகிக் கரகரப்பாகி. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற விதி, செய்முறைக் கட்டுரையில் வரிக்கு ஒரு முறையாவது சோதிக்கப்படும். "பழத்தைக் கழுவி", "சீனியைக் கரைத்து", "பையைக் கட்டி" என்று எல்லாமே அந்த வகைதான்.

விடுமுறைக்கு முன் கொடுக்கக்கூடிய ஒரு பணி இது. தர்பூசணிச் சாற்றை மூன்று பைகளில் ஒரே அளவு ஊற்றச் சொல்லுங்கள். முதல் பையில் சீனி வேண்டாம். இரண்டாவதில் 100 கிராம் சாற்றுக்கு 6 கிராம் சீனி, மூன்றாவதில் 12 கிராம். பைகளில் அடையாளம் எழுதி, ஓர் இரவு உறைய வைத்து, மறுநாள் எடுத்த உடனே ஒவ்வொன்றையும் கத்தி முனையால் பெரியவர் ஒருவர் துணையோடு குத்திப் பார்க்க வேண்டும்; பிறகு ஐந்து நிமிடம் வெளியே வைத்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். எது முதலில் இளகியது, எதை உறிஞ்சியபோது வெள்ளைக்கட்டி அதிகம் மிஞ்சியது, ஏன்? 120 சொற்களில் எழுதிக் கொண்டுவரட்டும். "பிறகு" இரண்டு முறைக்கு மேல் வரக்கூடாது.